காலும் ரகரமும்: இணையத் தமிழின் முதற்பத்தாண்டில் கற்றவை

மின்னூடகத் துறையில் தொடக்க நாள்களில் கற்றுக்கொண்டவை குறித்து உரையாற்றுமாறு மன்றத்தார் பணித்தபோது, அதற்குரியவர் நான்தானா என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மொழியியல் வகுப்பறையிலேயே கழிந்தது. மின்னூடகத்தில் நான் பணியாற்றியது 1998ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2001ஆம் ஆண்டு வரை மட்டுமே. அதுவும் பகுதிநேரப் பணி. ஓர் இணைய வார இதழுக்கு மொழி ஆசிரியராக இருந்தேன். ஆயினும் அந்த மூன்றாண்டுக்குள் நான் ஒப்புதல் அளித்த ஒரு சிறு செயல், பின்னர் நெடுங்காலம் என் மேசையைவிட்டு அகலாதிருந்தது. அதனைத் தங்கள்முன் வைப்பதற்கு முன்னர், இணையத்தில் தமிழ் ஏறிய காலத்தின் நிலையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் அக்காலத்திற்குப் பின் பிறந்தவர்கள். திறன்பேசியில் தமிழ் தானே தோன்றும் என்று எண்ணி வளர்ந்தவர்கள்.

இணையத் தமிழின் தொடக்கத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பங்கு சிறியதன்று. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதப்பட்ட கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளத்தை அந்நாட்டின் அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்தார். வையவிரிவு வலையில் தமிழ் ஏறிய முதற் பக்கங்களுள் அதுவும் ஒன்று. அதன் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் நின்றவர் சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள். ‘கணியன்’ என்னும் பெயரில் அவர் தமிழ் மென்பொருளையும் விசைப்பலகை முறையையும் உருவாக்கினார். அதற்கும் முன்பே, 1980களின் நடுப்பகுதியில், நம் நாட்டவரான முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 1990களில் அது ‘முரசு அஞ்சல்’ ஆக வளர்ந்து மின்னஞ்சலில் தமிழ் எழுத வழி செய்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். இவர்களுள் எவரும் தமக்கு அளிக்கப்பட்ட அலுவலாக இதனைச் செய்யத் தொடங்கியவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அன்று அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஓர் எண்கணக்கு. அக்காலக் கணினி ஓர் எழுத்தை ஓர் எட்டிலக்க அலகில் சேமித்தது. அதில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் நிரந்தரமாகக் குடியேறிப் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128இல் முதல் 32 இடங்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவ்விடங்களில் எழுத்தை வைத்தால் சில இயந்திரங்களில் தோன்றும், சிலவற்றில் மறையும். ஆக, நம்பத்தக்க இடங்கள் 96. தமிழ் நெடுங்கணக்கிலோ 247 எழுத்துகள்.

எனவே எழுத்துகளைத் துண்டுகளாக்க வேண்டியிருந்தது. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18. உகர, ஊகர உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் கொண்டவையாதலால் அவை 36. இவற்றின் கூட்டுத்தொகை 85. கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, இகர ஈகரக் குறிகள் ஆகியவற்றையும், டி, டீ ஆகியவற்றையும், கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் தொகை 100ஐத் தாண்டிவிடும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய ஒட்டு வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் சீர்திருத்தியிராவிட்டால் தொகை இன்னும் ஏறியிருக்கும். பெரியார் தம் இதழில் 1935 முதல் கையாண்ட சீர்திருத்தம் அது. அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைக்க எழுந்த அம்மாற்றம் கணினிக்காரரின் சுமையையும் குறைத்தது.

96 இடங்களில் 100க்கு மேற்பட்ட துண்டுகளை எவ்வாறு அமர்த்துவது? ஒவ்வோர் எழுத்துரு அமைப்பாளரும் தமக்குத் தோன்றிய விடையைக் கண்டார். ஒருவர் 32 கட்டுப்பாட்டு இடங்களில் சிலவற்றைத் துணிந்து பயன்படுத்தினார். ஒருவர் கிரந்தத்தைக் குறைத்தார். ‘மயிலை’யைப் போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை அமர்த்தின. விளைவாக, ஒரே ககரம் ஓர் எழுத்துருவில் ஓரிடத்திலும் மற்றொன்றில் வேறிடத்திலும் இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை வேறோர் எழுத்துருவில் திறந்தால் தமிழ் வடிவங்களே தோன்றும். ஆனால் எந்த மொழியும் ஆகாது. எழுத்துருவே இல்லாத கணினியில் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அக்காலத்தில் தமிழ்நாட்டு நாளிதழ்கள் ஒவ்வொன்றின் இணையப் பக்கத்தைப் படிக்கவும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கி நிறுவவேண்டியிருந்ததை இங்குள்ள மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். எழுத்துருவைத் தமக்கே உரியதாக வைத்துக்கொள்வதைச் சில நிறுவனங்கள் ஒரு பாதுகாப்பாகவும் கருதின. தம் செய்தியைப் பிறர் எடுத்தாள முடியாது என்பது அவர்களின் கணக்கு. நான் பணிபுரிந்த வார இதழும் அவ்வாறு எண்ணிய ஒன்றுதான்.

அவ்விதழில் என் பொறுப்பு இரண்டு. பிழை திருத்துவது ஒன்று. வாரந்தோறும் தோட்டத்துச் சொற்கள் பற்றி ஒரு பகுதி எழுதுவது மற்றொன்று. பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் முன்னரே சேகரித்துவந்த சொற்களை அப்பகுதியில் எழுதினேன். பெரட்டு, கிராணி, மங்கு, நிரை, ஒட்டுப்பால் என்பன போன்ற சொற்கள் அவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அச்சொற்களைப் பேசியவர்கள் லயங்களைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கையேட்டில் பென்சிலால் எழுதிவந்த குறிப்புகளைத் தட்டச்சு செய்வதற்காக இதழ் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அவை திரும்பி வரவில்லை. கணினியில் ஏறிவிட்டனவே, தாள் எதற்கு என்று நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

இதழுக்கென எழுத்துருவை அமைத்த இளைஞர் திறமையானவர். ஒருநாள் என்னிடம் வந்து, இடம் போதவில்லை, ஓரிடத்தை மிச்சப்படுத்த வழி சொல்லுங்கள் என்றார். ஒரு வழியையும் அவரே முன்மொழிந்தார். ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு ளகர வடிவத்தையே பயன்படுத்துகிறோம் அல்லவா, அதுபோலக் காலுக்கும் ரகரத்திற்கும் ஒரே வடிவத்தை, ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்றார். பழைய அச்சு நூல்களில் ரகரத்தின் கீழ்ச்சாய்வு இல்லாமலே இருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் அதற்கு இசைந்தேன். இசைந்ததோடு நில்லாமல், சான்றும் காட்டினேன். ஓலைச்சுவடிகளில் காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. தமிழர் அவற்றைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். முனைவர் பட்டம் பெற்ற ஒருவரின் ஒப்புதல் கிடைத்ததில் அந்த இளைஞருக்கு மகிழ்ச்சி.

தமிழர் அவற்றைப் படித்தார்கள் என்பது மெய்தான். எப்படிப் படித்தார்கள் என்பதை நான் அப்போது எண்ணிப்பார்க்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் சுவடியில் கண்ட ஒரு கோட்டைக் காலென்று கொள்வதா ரகரமென்று கொள்வதா என முடிவு செய்ய, யாப்பையும் எதுகை மோனையையும் உரையையும் பிற பிரதிகளையும் துணைக்கொண்டனர். ‘பாவை’ என்றும் ‘பரவை’ என்றும் படிக்க இடமுள்ள ஓரிடத்தில், அசைக்கணக்கு ஒன்றை விலக்கிவிடும். ‘நாகமா’ ‘நரகமா’ என்னும் ஐயத்தைச் சூழல் தீர்த்துவிடும். சுவடியைப் படித்தது கண் மட்டும் அன்று. வாழ்நாள் முழுதும் மொழியில் ஊறிய ஒரு மனம். கணினிக்கு அம்மனம் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் இடத்தின் எண் ஒன்றே. நான் ஓலைச்சுவடியின் குறையை எடுத்து, அதனைத் தீர்க்கும் புலவர் எவரும் இல்லாத ஓரிடத்தில் வைத்துவிட்டேன்.

இதில் எனக்கு வெட்கம் தருவது வேறொன்று. எழுத்து வேறு, அதன் வரிவடிவம் வேறு என்பதை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவர். குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காட்டும் முறை. அப்புள்ளியை நீக்கி, நெடிலுக்குத் தனி அடையாளம் வகுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். வடிவம் மாறிற்று, எகரம் எகரமாகவே இருந்தது. இதனைக் கரும்பலகையில் எழுதிக்காட்டிய கையே, இரு வேறு எழுத்துகளை ஒரே எண்ணுக்குள் அடைக்க ஒப்பமிட்டது. திரையில் சரியாகத் தெரிந்தால் போதும் என்பதே அந்நாளில் மின்னூடகத்தில் இருந்த எங்கள் அனைவரின் அளவுகோலாக இருந்தது. இதழ் தாளில் அச்சாகும் காலத்தில் அந்த அளவுகோல் போதுமானதாகவும் இருந்தது.

முதல் எச்சரிக்கை ஓராண்டுக்குள் வந்தது. ஆண்டு நிறைவில் தோட்டத்துச் சொற்களுக்கு ஓர் அகரவரிசை வெளியிட எண்ணினோம். கணினி வரிசைப்படுத்தித் தந்த பட்டியலில் கேணியும் தேனும் மேடும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. ஏகார உயிர்மெய்யில் இரட்டைக்கொம்பு முன்னே எழுதப்படுவதால், கணினி அதனையே சொல்லின் முதலெழுத்தாகக் கொண்டுவிட்டது. தட்டச்சுப் பொறியின் பழக்கம் இது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த இரா. முத்தையா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, தாளில் எது முன்னே விழவேண்டுமோ அதனை முன்னே அடிக்கும் முறை இயல்பானது. தாளுக்கு அது பொருந்தும். கணினிக்குள் ‘கே’ என்பதில் ககரமே முதலில் வரவேண்டும், கொம்பு அதனைப் பின்தொடரவேண்டும். அன்று நாங்கள் பட்டியலைக் கையால் வரிசைப்படுத்தி வெளியிட்டுவிட்டு, அடுத்த வாரப் பணிக்குத் திரும்பினோம்.

எங்களைப் போன்றோர் அவ்வாறு ஒப்பேற்றிக்கொண்டிருந்தபோது, பொதுத்தரம் ஒன்று வேண்டும் என்று சிலர் விடாது உழைத்துக்கொண்டிருந்தனர். 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தமிழிணையம் 97 கருத்தரங்கு அவ்வுழைப்பின் தொடக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியாக்கங்களும் அதன் பயன்களாகத் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. தமிழ்99 விசைப்பலகையில் மெய்யை அடித்தபின் உயிரை அடிக்கவேண்டும். ககரத்தை இருமுறை அடித்தால் முதற் ககரம் தானே புள்ளி பெறும். தாளில் விழும் ஒழுங்கைவிட்டு மொழியின் ஒழுங்கைப் பின்பற்றிய விசைப்பலகை அது. நா. கோவிந்தசாமியின் விசைப்பலகைச் சிந்தனைக்கு அதில் பங்குண்டு என்பர். அவர் அவ்வாண்டு மே மாதமே மறைந்தார்; அப்போது அவருக்கு வயது 53 கூட நிறைந்ததோ இல்லையோ. இதற்கிடையே, உலகெங்கும் பரவியிருந்த தன்னார்வலர்கள் தமக்குள் மடல்வழி விவாதித்து ‘திஸ்கி’ என்னும் மற்றொரு குறியாக்கத்தை வகுத்திருந்தனர். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய மாநாட்டையொட்டி ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று; மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது.

தரம் வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எந்தத் தரம் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. ஆகவே தனியார் எழுத்துருக்களோடு இப்போது மூன்று பொதுத்தரங்களும் சேர்ந்துகொண்டன. இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. திஸ்கியிலோ டாப்பிலோ எழுதியவர் எதை எவ்விடத்தில் வைத்தார் என்பதற்கு வெளியிடப்பட்ட அட்டவணை இருந்தது. எங்கள் இதழின் அட்டவணை ஓர் இளைஞரின் கணினியில் இருந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991இல், யுனிகோட் எனப்படும் ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது என்பதை இன்றைய மாணவர் கேட்டால் வியப்பர். அது இந்திய அரசின் ‘இஸ்கி’ தரத்தை அடியொற்றியது. நாகரி எழுத்தின் அடுக்கில் தமிழையும் வைத்தது. ஆகவே னகரம் பகரத்திற்கு முன்னும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்தன. புள்ளி மெய்க்குத் தனியிடம் இல்லை. அகரமேறிய ககரத்தோடு புள்ளியைச் சேர்த்தே ‘க்’ பெறப்படும். மெய் இயல்பாகவே புள்ளியோடு நிற்பது என்று கொண்ட இலக்கண மரபிற்கு இது தலைகீழ். இக்குறைகள் குறித்துத் தமிழறிஞர் எழுப்பிய வாதங்கள் பல. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது அவ்வாதங்களின் பயன். நானும் அவ்வணியில் நின்று சில கட்டுரைகள் எழுதினேன். இன்று எண்ணிப்பார்க்கையில், அகரவரிசைக் குறையை மென்பொருள் எளிதில் சரிசெய்துவிடுகிறது. ஒருங்குறி செய்த பெரும்பணியை அன்று நான் போதிய அளவு மதிக்கவில்லை: அதில் ரகரத்திற்கு ஓரிடம், காலுக்கு வேறோர் இடம், ‘கே’ என்பதில் ககரம் முன், இரட்டைக்கொம்பு பின். விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் வந்தபோது, எழுத்துரு எதையும் தேடி நிறுவாமலே தமிழைப் படிக்க முடிந்தது. பழைய கணினிகள் ஒழிந்து அது எங்கும் பரவ மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

எங்கள் இதழ் அவ்வளவு காலம் நீடிக்கவில்லை. 2001இல் நிறுத்தப்பட்டது. உரிமையாளர் பழைய இதழ்களனைத்தையும் ஒரு குறுவட்டில் பதிந்து எனக்கு ஒரு படி அளித்தார். நன்றியோடு பெற்றுக்கொண்டு அலமாரியில் வைத்தேன்.

2009இல் தமிழாசிரியர்கள் சிலர், தோட்டத்துச் சொற்களை நூலாக்கித் தந்தால் வகுப்பில் பயன்படும் என்று கேட்டனர். குறுவட்டை எடுத்தேன். கோப்புகள் பழுதின்றித் திறந்தன. எழுத்துகள்தாம் ஐரோப்பிய மொழிகளின் கலவையாய் நின்றன. திஸ்கிக்கும் டாப்பிற்கும் புகழ்பெற்ற எழுத்துருக்களுக்கும் மாற்றி மென்பொருள்கள் இருந்தன, எங்களுடையதற்கு இல்லை. எழுத்துருக் கோப்பு குறுவட்டில் சேர்க்கப்படவில்லை. அதனை அமைத்த இளைஞர் துறைமாறி, நாடும் மாறியிருந்தார். தொடர்புகொண்டபோது மிகவும் வருந்தினார், அவரிடமும் இல்லை.

நல்லூழாக, இதழின் இரண்டு பக்கங்களை அந்நாளில் அச்செடுத்து வைத்திருந்தேன். அச்சுப் பக்கத்தையும் திரையில் தெரிந்த குழப்பத்தையும் அருகருகே வைத்து, எந்த ஐரோப்பிய எழுத்து எந்தத் தமிழ்த் துண்டு என்று ஒவ்வொன்றாக அட்டவணைப்படுத்தினேன். அறியாத எழுத்துமுறை ஒன்றின் கல்வெட்டைப் படிப்பதுபோன்ற பணி; அதில் இன்பமும் இருந்தது. இரு வாரங்களில் அட்டவணை நிறைவுற்றது. ஒரேயோர் இடம் மட்டும் இரண்டு விடைகளைத் தந்துகொண்டிருந்தது.

விதிகள் வகுத்தேன். அவ்விடம் சொல்லின் முதலில் வந்தால் அது ரகரம், ‘ரப்பர்’ போல. உயிரெழுத்தை அடுத்து வந்தாலும் ரகரமே, ‘உரம்’ போல. இகர ஈகரக் குறி பின்தொடர்ந்தாலும், இணைக்கொம்பு முன் நின்றாலும் ரகரம். ‘வரி’, ‘கரை’ போல. கொம்பும் ஒரு மெய்யும் முன்னே நின்றால் பெரும்பாலும் ஒகர உயிர்மெய்யின் கால். இவ்வாறு பெரும்பகுதி தீர்ந்தது. இரு மெய்களுக்கு நடுவே வந்த இடங்கள் எஞ்சின. பால் என்பதும் பரல் என்பதும் கணினிக்கு ஒன்றே; காடியும் கரடியும் ஒன்றே; தாரமும் தரமும் ஒன்றல்ல எனினும், தாரத்தின் முதற் கோடு கால், அடுத்தது ரகரம் என்பதை எவரேனும் சொல்லவேண்டும். ரப்பர்த் தோட்டச் சொற்களில் ‘பால்’ வராத பக்கம் இல்லை. அகராதி ஒன்றைத் துணைக்கொண்டு கணினி சிலவற்றைத் தீர்த்தது. மீதியை நான் வரிவரியாகப் படித்துத் தீர்த்தேன். அகராதியில் உள்ள சொற்களுக்கு அகராதி உதவும். அகராதியில் இல்லாத சொற்களைத் தேடித்தானே அத்தோட்டங்களுக்குச் சென்றேன்!

இது என் ஒருவரின் துயரம் என்று எண்ணவேண்டாம். வேறு வடிவில் இன்றும் நம் பள்ளிகளில் உலவுகிறது. ரகரம் புள்ளியோ இகரக் குறியோ பெறும்போது அச்சில் அதன் கீழ்ச்சாய்வு மறைவதுண்டு. அதனால் பழைய கோப்புகளிலிருந்து மாற்றப்பட்ட ஆவணங்களில் ‘ஆசிரியர்’ என்னும் சொல் ‘ஆசிாியா்’ என்று, ரகரத்திற்கு ஈடாகக் கால் இட்டுச் சேமிக்கப்பட்டிருக்கக் காணலாம். கண்ணுக்குப் பல எழுத்துருக்களில் வேறுபாடு தோன்றாது. தேடுபொறிக்கு அது வேறு சொல். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று அடிப்போர் இன்றும் மிகப் பலர். தேர்வுத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் தங்கள் கோப்பில் ‘ஔவையார்’ என்று சரியாகத் தட்டச்சு செய்து தேடிப்பார்க்கட்டும். எத்தனை இடங்கள் அகப்படாமல் தப்புகின்றன என்பது தெரியும். தாளில் அச்செடுத்துப் பிழை திருத்தினால் இவை என்றும் கண்ணிற்படா.

வேறு விதமாகச் செய்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சால் மின்வடிவமாக்கி இலவசமாக வழங்கிற்று. அதன் தொடக்கக் கோப்புகளும் அக்கால எழுத்துருக்களில் அமைந்தவையே. ஆனால் தரம் மாறும்போதெல்லாம் அவர்கள் நூல்களையும் உடன் மாற்றினர். திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் கொண்டுவந்தனர். யார் தட்டச்சு செய்தார், யார் பிழை திருத்தினார் என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவைத்தனர். கோப்புகளை எவரும் படியெடுக்கலாம் என்று விட்டனர். எங்கள் இதழ் பாதுகாப்பென்று கருதிப் பூட்டிவைத்தது. அவர்கள் பலர் கையிலும் கொடுத்துவைத்தார்கள். எது இன்று படிக்கக் கிடைக்கிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

என் சொற்பட்டியலை முடிக்க நான்காண்டுகள் ஆயின. பெரும்பாலானவை மீண்டன. ஐயமுற்ற சொற்களைச் சொன்னவர்களுள் உயிரோடிருந்த சிலரைத் தேடிச் சென்று கேட்டேன். எஞ்சியவை பன்னிரண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் கூறி அமைகிறேன்.

பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, ரப்பர்க் காடுகளுக்குத் தொழிலாளர் தமக்குள் வழங்கிய பெயர்களை ஒருநாள் மாலை முழுதும் சொன்னார். நிருவாகம் எண்ணிட்டு அழைத்த காடுகளுக்கு அவர்கள் வேறு பெயரிட்டிருந்தார்கள். மரத்தை வைத்துச் சில, விபத்தை வைத்துச் சில, முன்னாள் கங்காணியை வைத்துச் சில. அவற்றுள் ஒன்று, என் கோப்பில், ‘மொட்டை’ என்று தொடங்குகிறது. அடுத்த பகுதி ‘காடு’ என்றும் படிக்கலாம், ‘கரடு’ என்றும் படிக்கலாம். காடு என்றால், பழைய மரங்களை வீழ்த்தி மறுநடவுக்கு வெறுமையாக விட்டிருந்த நிலமாக இருக்கலாம். கரடு என்றால் சிறு குன்று. தமிழகத்தின் சேலம், கொங்கு வட்டாரங்களில் வழங்கும் சொல் அது. அப்பாட்டியின் முன்னோர் எம்மாவட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதற்கு அவ்வோர் எழுத்து ஒரு தடயமாகியிருக்கும். ஏனைய சொற்களில் அதற்குச் சான்று அகப்படவில்லை. குறிப்பேட்டில் நான் பென்சிலால் எழுதியபோது அவர் சொன்ன ஒலி என் காதில் இருந்தது. இப்போது இல்லை.

2011இல் அவ்விடத்திற்குச் சென்றேன். பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலம் மேடும் அன்று, சமவெளியும் அன்று. வீடமைப்புக்காக மண்ணை வெட்டி நிரவியிருந்தார்கள். அங்கே முன்பு வேலை செய்த பெரியவர் ஒருவர், ‘‘மொட்டைக்காடுன்னுதான் சொல்லுவாங்க’’ என்றார். அவர் மனைவி உள்ளிருந்து, ‘‘அது வேற எடங்க, ஆத்துக்கு அந்தாண்ட உள்ளது’’ என்று திருத்தினார். நூலில் அவ்விடத்தில் இரு வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டு, பக்கத்தில் ஒரு வினாக்குறி இட்டிருக்கிறேன்.